“ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாமா?” தம்பிக்கு முதல் முறையாக மனநோய் வந்திருக்கும் ஒரு அக்காவுக்கு

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு 20 வயது. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். ஏழெட்டு மாதமாக ஆளே மாறிவிட்டான். முதலில் மெஸ்ஸுக்குப் போவது நின்றது, அப்புறம் வகுப்புக்கு. நான்கு அரியர். இப்போது துறையூர்ப் பக்கம் உங்கள் வீட்டில் இருக்கிறான். ராத்திரி தூங்குவதில்லை. போன் வழியாகத் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று சிம் கார்டை உடைத்துப் போட்டிருக்கிறான். யாரும் இல்லாத பக்கம் பார்த்துப் பதில் சொல்கிறான். திருச்சியில் ஒரு மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து இரண்டு வாரம் ஆகிறது, சீட்டு பீரோவில் இருக்கிறது. அப்பா “படிப்பு டென்ஷன், ஆறு மாசம் போகட்டும்” என்கிறார். அம்மா குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கினால் சரியாகிவிடும் என்கிறார். நீங்கள் கேட்பது நான்கு. மாத்திரையை இப்போதே தொடங்கத்தான் வேண்டுமா? தொடங்கினால் ஆயுசுக்குமா? பழையபடி ஆவானா? நீங்கள் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டுமா?

நான் மருத்துவர் இல்லை. மனநலப் பிரிவுகளில் சமூகப் பணியாளராக இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மற்றதை நான் சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: பொறுக்க வேண்டாம், இந்த வாரமே தொடங்குங்கள். அப்பா கேட்கும் ஆறு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. அவர் கணக்கு இன்றிலிருந்து தொடங்குகிறது. நோயின் கணக்கு அவன் மெஸ்ஸுக்குப் போகாமல் அறைக்குள் உட்கார்ந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது.

இந்தக் காலதாமதத்தை மருத்துவ உலகம் தனியாக அளந்து பார்த்திருக்கிறது. குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்ற அறிகுறிகள் வந்த நாளிலிருந்து சரியான சிகிச்சை தொடங்கும் நாள் வரைக்குமான இடைவெளி அது. நார்வேயில் ஸ்டாவங்கர் நகரம் இருக்கும் ரோகலாண்ட் பகுதியில் 1990களில் இதைக் கணக்கெடுத்தார்கள். பாதிப் பேருக்கு 26 வாரமோ அதற்கு மேலோ. பணக்கார நாடு, சிகிச்சைக்குப் பணம் தடையே இல்லை, அங்கேயே அரை வருடம். 1997இல் அங்கே ஒரு வேலையைத் தொடங்கினார்கள். செய்தித்தாள், வானொலி, திரையரங்கு என எல்லா இடத்திலும் மனநோயின் ஆரம்ப அறிகுறிகளை விளம்பரம் செய்தார்கள். ஆசிரியர்களுக்கும் பொது மருத்துவர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். யாராவது போன் செய்தால் உடனே நேரில் போய்ப் பார்க்க ஒரு குழு வைத்தார்கள். இடைவெளி 5 வாரமாகக் குறைந்தது. புது மருந்து எதுவும் வரவில்லை, ஆட்கள் சீக்கிரம் வந்தார்கள், அவ்வளவுதான். பிறகு விளம்பரத்தை நிறுத்தினார்கள், இடைவெளி திரும்ப 15 வாரத்துக்கு ஏறிவிட்டது.

சீக்கிரம் வந்ததால் என்ன பலன் என்றும் பார்த்தார்கள். இந்த ஏற்பாடு இல்லாத ஆஸ்லோ, டென்மார்க்கின் ராஸ்கில்ட் பகுதிகளோடு ஒப்பிட்டு, பத்து வருடம் கழித்து எண்ணினார்கள். சீக்கிரம் கண்டுபிடிக்கும் ஏற்பாடு இருந்த இடத்தில் சுமார் 31 சதவீதம் பேர் நோய் அறிகுறி அடங்கி வேலை, வாழ்க்கை என்று நின்றிருந்தார்கள். மற்ற இடங்களில் 15 சதவீதம். பாதிக்குப் பாதி வித்தியாசம். ஆனால் அந்த 31ஐயும் கண்ணைத் திறந்து பாருங்கள், அது நூறு இல்லை. சீக்கிரம் போனால் போதும், எல்லாம் மாயமாய் மறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாய்ப்பு கூடுகிறது. அதை விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் வாதம்.

நம் வீடுகளில் இந்த இடைவெளி எப்படி நீள்கிறது என்பதை இத்தனை வருடத்தில் மனப்பாடமாகவே தெரிந்துகொண்டேன். முதல் இரண்டு மாதம் “வயசுக் கோளாறு, காதல் தோல்வியா இருக்கும்”. அடுத்து யாரோ செய்வினை என்பார்கள், தாயத்து, மந்திரிப்பு. அப்புறம் தெரிந்த பொது மருத்துவரிடம் தூக்க மாத்திரை. நான்கு நாள் தூங்குவான், சரியாகிவிட்டது என்று நிறுத்துவார்கள். கடைசியில் வருவதுதான் பெரிய கொடுமை, “ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடுவான்”. உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இன்னும் வரவில்லை. வரும். அப்போது நீங்கள் குறுக்கே நின்றே ஆக வேண்டும். குணமான பிறகு, விஷயத்தைச் சொல்லி, அவனே விரும்பிச் செய்துகொள்ளும் கல்யாணம் வேறு. நோய்க்கு மருந்தாக ஒரு பெண்ணைக் கொண்டுவருவதால் இரண்டு பேர் வாழ்க்கை கெட்டதைப் பார்த்திருக்கிறேன், நோய் குணமானதை ஒரு முறையும் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு உள்ளே இருக்கும் பயம் வேறு என்று நினைக்கிறேன். மனநல மருத்துவம் என்றதும் நம் ஆட்களுக்குக் கண்ணில் தெரிவது கீழ்ப்பாக்கம். “கீழ்ப்பாக்கம் கேஸ்” என்று நையாண்டி செய்து செய்தே அந்த ஊர்ப் பெயரை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். இந்தப் பயத்திலும் ஒரு நியாயம் உண்டு. முன்பெல்லாம் முதல் முறை நோய் வந்த பையனையும் இருபது வருடமாக உள்ளே இருப்பவரையும் ஒரே வார்டில்தான் போடுவார்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைப் பார்த்து “நாமும் இப்படித்தான் ஆகப்போகிறோம்” என்று பையன் முடிவு கட்டிவிடுவான். பாட்ரிக் மெக்கோரி என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரில் இதைத்தான் உடைத்தார்கள். முதல் முறை நோய் வந்த இளைஞர்களுக்கென்றே 1992இல் தனி மையம் தொடங்கினார்கள். மருந்து குறைந்த அளவில். கூடவே பேச்சு வழிச் சிகிச்சை, குடும்பத்துக்குப் பயிற்சி, படிப்புக்கும் வேலைக்கும் திரும்பிப் போக உதவி. இரண்டு வருடத்துக்கு ஒரே ஆள் கூடவே இருந்து கவனிப்பார். இங்கிலாந்து, டென்மார்க், கனடா எல்லாம் பிறகு இந்த வழிக்கு வந்தன. இங்கிலாந்தில் 2016 முதல் இதற்கு ஒரு கெடுவே இருக்கிறது, பரிந்துரை வந்த இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும்.

உங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரு மையம் இருக்காது. அதற்காகச் சோர்ந்துபோக வேண்டாம். அந்த மையங்கள் செய்யும் வேலையில் பாதியை, ஒரு நல்ல மருத்துவரும் விவரம் தெரிந்த குடும்பமும் சேர்ந்து செய்துவிடலாம். இதைச் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனமும் கனடாவில் மாண்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு ஆய்வு செய்தன. முதல் முறை மனநோய் வந்தவர்கள், இரண்டு ஊரிலும் தலா 160க்கு மேல், ஒரே மாதிரியான இரண்டு வருடச் சிகிச்சை. குரல், சந்தேகம் போன்றவை அடங்கியதில் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் முகம் இறுகிப்போவது, பேசாமல் ஒதுங்குவது, எதிலும் ஈடுபாடு இல்லாமல் கிடப்பது, இவற்றில் சென்னைக்காரர்கள் அதிகம் தேறினார்கள். அங்கே குடும்பம் சிகிச்சையை விட்டு விலகாமல் கூடவே வந்துகொண்டிருந்தது. மாண்ட்ரியலில் அந்த அளவுக்கு இல்லை. உங்கள் தம்பி ‘சோம்பேறியாகிவிட்டான்’ என்று அப்பா சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அது சோம்பல் இல்லை, இந்த ஒதுக்கம்தான். மாத்திரைக்கு இது அவ்வளவாக அசையாது. மனிதர்கள் கூட இருந்தால்தான் அசையும்.

இன்னொன்று. மருத்துவர் ‘மனச்சிதைவு’ (ஸ்கிசோஃப்ரினியா) என்று சீட்டில் எழுதியதைப் பார்த்து நீங்கள் இரவெல்லாம் இணையத்தில் தேடியிருக்கிறீர்கள். அந்தப் பெயரை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதல் தடவை வரும்போது எந்த வகை என்று அடித்துச் சொல்வது கடினம். சிலருக்கு அது திடீரென்று வந்து சில வாரத்தில் முழுதாகப் போய்விடும் வகை, நம் நாட்டில் அது அபூர்வமும் இல்லை. சிலருக்குப் பின்னால், மனம் உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறு என்று தெரியவரும். சிலருக்குக் கஞ்சா தூண்டிவிட்டிருக்கும். விடுதியில் இருந்த பையன் என்பதால் அந்தக் கேள்வியை மருத்துவர் அவனிடம் தனியாகக் கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நிற்காதீர்கள். தைராய்டு, வைட்டமின் பி12, வலிப்பு போன்றவையும் பார்க்க வேண்டியவை. மூளையை நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் ஒரு வகை அழற்சி இருக்கிறது, 2007இல்தான் அதை அடையாளம் கண்டார்கள், அதுவும் மனநோய் போலவே தொடங்கும். காய்ச்சல், வலிப்பு, ஆள் நிலை தடுமாறுவது, உடல் விறைப்பு என்று எதுவாவது இருந்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் தம்பிக்கு மெதுவாக ஏழெட்டு மாதமாக வளர்ந்திருப்பதால் அதற்கான வாய்ப்பு குறைவு, இருந்தாலும் ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

இனி மாத்திரை. முதல் தடவை நோய் வந்தவர்களுக்குக் குறைந்த அளவிலேயே வேலை செய்யும், பக்க விளைவும் அவர்களுக்குத்தான் சீக்கிரம் வரும். அதனால் நல்ல மருத்துவர் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏற்றுவார். முதல் வாரத்தில் தூக்கம் வரும், பதற்றம் தணியும். குரலும் சந்தேகமும் அடங்கப் பல வாரம் ஆகும். பத்து நாளில் “ஒண்ணும் கேக்கல” என்று நிறுத்திவிடாதீர்கள். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால், கை நடுங்கினால், உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தால் அது மருந்தின் விளைவு, நோய் முற்றிவிட்டதாக எடுத்துக்கொண்டு பயப்படாதீர்கள். உடனே மருத்துவருக்குச் சொன்னால் மாற்றிக் கொடுப்பார். சில மருந்துகளில் எடை கிடுகிடுவென்று ஏறும், முதல் மூன்று மாதத்திலேயே. தொடங்கும் நாளில் எடையும் இடுப்பளவும் சுகரும் கொழுப்பும் எழுதி வையுங்கள், மூன்று மாதத்தில் திரும்பப் பாருங்கள். 20 வயதுப் பையன் மாத்திரையை நிறுத்துவதற்கு முக்கியக் காரணமே தொப்பையும், வெளியில் சொல்லக் கூச்சப்படும் ஆண்மைப் பிரச்சினையும்தான். இதை எந்த வீட்டிலும் கேட்பதில்லை. அவன் அப்பாவிடமும் சொல்ல மாட்டான், உங்களிடமும் சொல்ல மாட்டான். மருத்துவர் கேட்டால் சொல்லலாம்.

சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா என்று அம்மா கேட்பார். வேண்டாம். தன்னைக் கண்காணிக்கிறார்கள், சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று ஏற்கெனவே பயந்திருக்கும் பையனிடம் அது ஒரு நாள் வெளிப்பட்டால், அவன் சந்தேகம் நிஜமாகிவிடும். அதற்குப் பிறகு வீட்டில் யாரையும் நம்ப மாட்டான்.

ஆயுசுக்குமா என்ற கேள்வி. போகப் போகத்தான் தெரியும் என்பது ஏமாற்றுப் பதில் போல இருக்கும், ஆனாலும் விவரமாகச் சொல்கிறேன். நியூயார்க்கில் முதல் முறை நோய் வந்தவர்களைப் பின்தொடர்ந்து 1999இல் வெளியான ஆய்வில், ஐந்து வருடத்தில் 82 சதவீதம் பேருக்கு ஒரு முறையாவது நோய் திரும்பியது. மாத்திரையை நிறுத்தியவர்களுக்குத் திரும்பும் ஆபத்து கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அதனால் நன்றாகத் தேறிய பிறகும் ஒன்றிரண்டு வருடமாவது தொடரச் சொல்வார்கள். மறுபக்கமும் இருக்கிறது. நெதர்லாந்தில் தேறியவர்களுக்கு மருத்துவர் கண்காணிப்பில் மருந்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தார்கள். முதல் ஒன்றரை வருடத்தில் நோய் திரும்பியது அவர்களுக்குத்தான் அதிகம். ஏழு வருடம் கழித்துப் பார்த்தால், வேலையும் வாழ்க்கையுமாகத் தேறியவர்கள் குறைத்த பக்கம் 40 சதவீதம், தொடர்ந்த பக்கம் 18. மருத்துவர்களுக்குள் இது இன்னும் தீராத வாக்குவாதம். என் அனுபவத்தில், குறைப்பது பற்றி மருத்துவர் வாயிலிருந்தே ஒரு பேச்சு வந்தால் பையன்கள் ஒழுங்காக மாத்திரை போடுகிறார்கள். ஆயுள் தண்டனை மாதிரி சொன்னால் மறுநாளே கொல்லைப்புறத்தில் வீசுகிறார்கள். தானாக நிறுத்துவதுதான் தப்பு, குறைப்பதைப் பற்றிக் கேட்பது தப்பில்லை.

பழையபடி ஆவானா? சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கு 1980களின் தொடக்கத்தில் வந்த, முதல் முறை மனச்சிதைவு கண்ட 90 பேரை மருத்துவர் ஆர். தாராவும் அவர் குழுவும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பத்தாவது வருடத்தில் பார்த்தபோது பெரும்பாலோர் நோய் அறிகுறி அடங்கித்தான் இருந்தார்கள். நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களும், விடாமல் பிடித்துக்கொண்டவர்களும் அதில் உண்டு. உங்கள் தம்பி எந்தப் பக்கம் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு உண்மையையும் மறைக்க மாட்டேன். டென்மார்க்கில் இரண்டு வருடம் தீவிரமாகக் கவனித்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். கவனிப்பு முடிந்து, ஐந்தாவது வருடத்தில் அளந்தால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்திருந்தது. தொடக்கத்தில் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு அப்புறம் “அதான் சரியாயிட்டானே” என்று கைவிடும் வீடுகளில் நான் பார்த்ததும் இதுவேதான்.

குணசீலம். அம்மாவோடு இதற்காகச் சண்டை போடாதீர்கள். சண்டை போட்ட வீடுகளில் கடைசியில் கோயிலுக்கும் போவதில்லை, மருத்துவமனைக்கும் போவதில்லை, மாதங்கள்தான் போகின்றன. மாத்திரையைத் தொடங்கிவிட்டு, மாத்திரையோடு போகட்டும். பெருமாள் சந்நிதியில் முகத்தில் தீர்த்தம் தெளிப்பதால் மருந்து கெட்டுவிடாது, அம்மாவுக்கும் மனசு தாங்கும். ஏர்வாடி தர்காவில் அரசே மருந்தையும் துவா என்னும் பிரார்த்தனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்துகிறது. 48 நாளும் மாத்திரை நிற்கக் கூடாது, இடையில் வரும் மருத்துவர் சந்திப்பு தவறக் கூடாது, இந்த இரண்டுக்கும் அம்மாவிடம் வாக்கு வாங்குங்கள். எங்கேயாவது சங்கிலி போட வேண்டும் என்று சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள், சங்கிலியோடு கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி யாரையும் எந்த வகையிலும் சங்கிலியில் கட்டுவது குற்றம்.

அவன் மருத்துவமனைக்கு வர மறுப்பான். “உனக்கு மனநோய்” என்று நிரூபிக்கப் போகாதீர்கள், அந்த வாக்குவாதத்தில் யாரும் ஜெயித்ததில்லை. “போன்ல யாரும் பார்க்கல, சும்மா இரு” என்பதும் வேண்டாம், ஆமாம் பார்க்கிறார்கள் என்று ஒத்து ஊதவும் வேண்டாம். “எனக்கு அது கேக்கல. ஆனா உனக்குக் கேக்குதுன்னா ராத்திரியெல்லாம் எவ்ளோ பயமா இருக்கும், தூங்கி எத்தனை நாளாச்சு, தூக்கத்துக்காவது ஒரு வழி பண்ணலாம் வா” என்று கூப்பிடுங்கள். தூக்கம் என்ற வாசல் வழியாக வந்தவர்கள்தான் அதிகம். தன்னைக் குறைவாக நினைக்காமல் வர அது ஒரு வழி.

சாக வேண்டும் என்று பேசினால், குரல் ஏதாவது செய்யச் சொல்கிறது என்றால், சாப்பாடு தண்ணீரை விட்டால், யாரையாவது தாக்க எழுந்தால் சந்திப்பு தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். தற்கொலை ஆபத்து அதிகம் இருப்பது இந்த முதல் வருடத்தில்தான். குரல் அடங்கி, தனக்கு என்ன நடந்தது என்று அவனுக்குத் தெளிவு வரும் வாரங்களில் மனம் உடையும், வீட்டில் அப்போது எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள், அதனால் யாரும் கவனிப்பதில்லை. பூச்சி மருந்தைக் கொல்லையிலிருந்து இன்றே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். விவசாய வீடு என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் சொல்கிறேன். ராத்திரியில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

கல்லூரியை விட்டு எடுத்துவிடாதீர்கள். மருத்துவச் சான்றிதழ் கொடுத்து ஒரு வருட இடைவெளி கேளுங்கள். திரும்பும்போது நான்கு அரியரையும் ஒரே தடவையில் எழுதவிடாதீர்கள், ஒன்று, அதிகம் போனால் இரண்டு. கவனமும் ஞாபகமும் குரல் அடங்கிய பிறகும் சில மாதம் மந்தமாகத்தான் இருக்கும். அதுவரை வீட்டில் சும்மா கிடக்க விடாமல் சின்னதாக ஒரு வேலை, கடைக்குப் போவது, மோட்டார் போடுவது, மாட்டுக்குத் தீவனம், எதுவானாலும் சரி.

உங்கள் வேலையை விட வேண்டாம். உங்கள் சம்பளம் இந்த வீட்டுக்கு இனிமேல்தான் தேவைப்படும், அவனுக்கும் தன்னால் அக்கா வேலை போனது என்ற பாரம் ஏறும். இப்போது பத்து நாள் விடுப்பு எடுத்துப் போங்கள். மாத்திரை தொடங்குவது, ரத்தப் பரிசோதனை, அடுத்த சந்திப்பு, இந்த மூன்றும் உங்கள் முன்னால் நடக்கட்டும். அடுத்த சந்திப்புக்கு அப்பாவைத்தான் கூட அனுப்ப வேண்டும். அம்மா மட்டும் போகும் வீடுகளில் மாத்திரையை நிறுத்தச் சொல்வது பெரும்பாலும் வீட்டில் இருந்த அப்பாதான். அவர் ஒரு முறை மருத்துவர் எதிரில் உட்கார்ந்து, தன் வாயால் “எத்தனை நாள் ஆகும் சார்?” என்று கேட்டு வரட்டும்.